தீர்ப்புக்கு முன் ஒரு வாசிப்பு

ஒரு பொருள் பழுதானதும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "என்ன ஆயிற்று?" என்பது ஒன்று, "யார் கெடுத்தது?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை காண நேரமும் உழைப்பும் பொறுமையும் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு விரலை நீட்டினால் போதும்! அதனால்தானோ என்னவோ, உலகில் இரண்டாவது கேள்வியே முதலில் கேட்கப்படுகிறது. முதல் கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டே போனால் இரண்டாவதற்கும் நேர்மையான விடை கிடைத்துவிடும் என்பதை எங்கள் விடுதியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி எங்களுக்குக் கற்றுத் தந்தது. அதை இவ்வாண்டு மலரில் எழுதத் துணிந்தோம். நாங்கள் நால்வர், பதினோராம் வகுப்பு மாணவியர், இயற்பியல் மன்றத்தைச் சேர்ந்தவர்கள். எங்களுள் இருவர் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள்.

விடுதியின் பொழுதுபோக்கு அறையில், பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், மரப்பலகை போன்ற முகப்புடைய ஒரு விளையாட்டுப் பெட்டி உண்டு. அட்டாரி 2600 என்பது அதன் பெயர். 1977-இல் அமெரிக்காவில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த வகை அது. கப்பலில் வேலை பார்த்த ஒரு பெற்றோர் சிங்கப்பூரில் வாங்கிவந்து, தம் மகள் இங்கே படித்த நினைவாக 1986-இல் விடுதிக்கு அன்பளிப்பாகத் தந்தாராம். அதனுடன் வந்த கேசட்டுகளில் இன்று எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: 'ரிவர் ரெய்டு' என்னும் ஆட்டம். ஓர் ஆற்றின்மேல் விமானம் ஓட்ட வேண்டும்; கரையில் மோதாமலும் எரிபொருள் தீராமலும் பறக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கைப்பேசிக்கு இடமில்லாத எங்கள் விடுதியில், மைதானமெல்லாம் குளமாகிவிடும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கால மாலைகளில், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த ஆறுதான் துணை.

2024 நவம்பரில் ஒரு மழை நாள். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் முறை வந்தபோது கேசட்டைக் கழற்றித் தூசி துடைத்து மீண்டும் செருகினாள். திரையில் ஆறு வரவில்லை. வண்ண வண்ணமாய்க் கோடுகள் மட்டுமே நின்றன. "நீதானே புடுங்குன, நீதான் கெடுத்த!" என்று சுற்றி நின்ற பிள்ளைகள் கூவினர். விடுதிச் சகோதரி பெட்டியைக் கடைத்தெருவில் பழுது பார்ப்பவரிடம் அனுப்பினார்கள். அந்த அண்ணாச்சி கேசட்டின் முனையைத் துடைத்தும் செருகியும் பார்த்துவிட்டு, "கேசட்டுக்குள்ள இருக்க சிப்பு செத்துப்போச்சு சிஸ்டர். பிள்ளை புடுங்கின புடுங்கல்ல போயிருக்கும். இதுக்கெல்லாம் இப்ப சாமான் கிடைக்காது. காயலான் கடைக்குத்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து அந்தச் சிறுமி பொழுதுபோக்கு அறைப் பக்கமே வரவில்லை. மாலை ஓய்வு நேரத்தில் மாடிப்படியில் தனியே உட்கார்ந்திருப்பாள். "எங்க அப்பா கடலுக்குப் போயிட்டு வந்து துட்டு தருவாங்கன்னு சிஸ்டர்ட்ட சொல்லுங்கக்கா" என்று எங்களில் ஒருத்தியிடம் அவள் சொன்னபோது, எங்கள் நால்வருக்கும் மனம் கனத்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குமுன் விடுதியின் வேண்டாத பொருள்களைக் கழித்துவிடுவது வழக்கம். "அரையாண்டுத் தேர்வு முடியும்வரை பெட்டி உங்கள் கையில் இருக்கட்டும், அதன்பின் போய்விடும்" என்று சகோதரி தவணை கொடுத்தார்கள்.

அண்ணாச்சி சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். வயதான சில்லுகள் செத்துப்போவது உண்டு. ஆனால் குற்றம் கேசட்டிலா, பெட்டியிலா என்று எப்படி அறிவது? நல்ல நிலையில் உள்ள வேறொரு கேசட் இருந்தால் அதைப் பெட்டியில் செருகிப் பார்க்கலாம். வேறொரு பெட்டி இருந்தால் இந்தக் கேசட்டை அதில் செருகிப் பார்க்கலாம். இரண்டும் எங்களிடம் இல்லை. எங்கள் இயற்பியல் ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: "சில்லு செத்துவிட்டதா என்று சில்லையே கேட்டுப் பாருங்களேன்!" அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததுதான் எங்கள் 'சில்லு வாசிப்பான்'.

கேசட்டுக்குள் இருக்கும் சில்லை ஒரு புத்தகமாக எண்ணிக்கொள்ளுங்கள். அதில் 4096 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் 0 முதல் 255 வரையிலான ஏதேனும் ஓர் எண். அந்த எண்களே ஆட்டத்தின் கட்டளைகளும் படங்களும். தொழிற்சாலையில் ஒரு முறை பதிந்தபின் அவற்றை மாற்ற இயலாது. படிக்க மட்டுமே இயலும். எத்தனையாவது பக்கம் வேண்டும் என்பதைச் சில கம்பிகளில் மின்னழுத்தம் கொடுத்தும் கொடாமலும் தெரிவிக்க வேண்டும். ஒரு கம்பிக்கு இரண்டு நிலைகள், இரண்டு கம்பிகளுக்கு நான்கு, மூன்றுக்கு எட்டு. இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் பன்னிரண்டு கம்பிகளுக்கு 4096. பதின்மூன்றாவது கம்பி, "உன்னைத்தான் கேட்கிறேன்" என்று சில்லைத் தட்டி எழுப்புவது. கேட்ட பக்கத்தில் உள்ள எண் வேறு எட்டுக் கம்பிகளில் வெளிவரும். இவற்றுடன் 5 வோல்ட் மின்சாரத்துக்கு ஒன்றும், தரை இணைப்புக்கு இரண்டும் சேர்த்தால் கேசட்டின் முனையில் உள்ள 24 செப்புத் தடங்களுக்கும் கணக்குச் சரியாகிவிடும்.

பெட்டிக்குள் இருந்துகொண்டு இந்தக் கேள்விகளைக் கேட்பது 6507 என்னும் செயலி. அந்தப் பெட்டியின் நினைவகம் மொத்தம் 128 பைட்தான். கணினியில் இன்று ஒரு தமிழ் எழுத்துக் குறியைச் சேமிக்கவே பொதுவாக 3 பைட் ஆகிறது. அப்படியானால் இந்த ஒரு வாக்கியம்கூட அந்த நினைவகத்தில் அடங்காது! இதை முதலில் கணக்கிட்டபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்து வியந்துபோனோம்.

செயலி கேட்கும் கேள்விகளை நாமே கேட்டால் என்ன? எங்கள் ஆய்வகத்தில் ஆர்டுயினோ மெகா 2560 என்னும் சிறு கணிப்பலகை இருந்தது. அதற்கு 54 இணைப்புகள் உண்டு. எங்களுக்குத் தேவை 13-உம் 8-உம் சேர்ந்து 21-தான். அதுவும் 5 வோல்ட்டில் இயங்குவது. பழைய சில்லும் 5 வோல்ட்டில் இயங்குவது. எனவே இரண்டும் ஒரே மொழி பேசின. கேசட்டைச் செருகும் துளை மட்டும் கடையில் கிடைக்கவில்லை. பள்ளி அலுவலகத்தில் கழித்துப் போட்ட ஒரு பழைய கணினியின் தாய்ப்பலகையில் நீளமான கறுப்புத் துளை ஒன்றைக் கண்டோம். அளந்து பார்த்தால், அதன் தொடுமுனைகளுக்கு இடையிலான தூரம் 2.54 மில்லிமீட்டர், கேசட்டின் தடங்களுக்கு இடையிலும் அதே தூரம்! அதைக் கழற்றி, பக்கத்துக்குப் பன்னிரண்டு முனைகள் வருமாறு ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, கேசட்டின் வாய்க்குள் நுழையும்படி செய்தோம். நான்கு நாள் மாலையும் இந்த ராவும் வேலையிலேயே போயிற்று. வண்ணக் கம்பிகளைப் பற்றவைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய காகிதத் துண்டை ஒட்டினோம். பழைய டிபன் டப்பா ஒன்று எல்லாவற்றுக்கும் வீடாயிற்று.

கட்டளை நிரல் நாற்பது வரிகளுக்குள் அடங்கியது. ஒரு பக்கத்தின் எண்ணைக் கம்பிகளில் வை, சற்றுப் பொறு, எட்டுக் கம்பிகளையும் படி, கணினிக்கு அனுப்பு, அடுத்த பக்கத்துக்குப் போ. இவ்வளவுதான். "சற்று" என்று நாங்கள் சொன்னது ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் சில பங்கு. 4096 எண்களும் கணினித் திரைக்கு வந்து சேரக் கால் நிமிடம்கூட ஆகவில்லை.

சாட்சி சொல்ல வருபவர் நம்பத்தக்கவரா என்று முதலில் பார்க்க வேண்டும் அல்லவா? எனவே, கேசட்டைச் செருகுமுன் எங்கள் கருவியையே சோதித்தோம். எட்டுக் கம்பிகளையும் மின்தடைகள் வழியாகத் தரையோடு இணைத்தபோது 0 வந்தது. 5 வோல்ட்டோடு இணைத்தபோது 255 வந்தது. ஒவ்வொரு கம்பியாக மாற்றியபோது 1, 2, 4, 8, 16 என்று முறை தவறாமல் எண்கள் வந்தன. கருவி பொய் சொல்லவில்லை.

இந்நேரத்தில் தலைமைச் சகோதரி ஒரு கேள்வி கேட்டார்கள்: "பிறர் எழுதியதை இப்படிப் பிரதி எடுப்பது திருட்டு ஆகாதா பிள்ளைகளே?" நல்ல கேள்வி. சட்டத்தைப் புரட்டினோம். கணினி நிரலின் பிரதியை முறைப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ கெட்டாலோ பாதுகாப்பாக இருக்கும்பொருட்டுக் காப்புப் பிரதி எடுக்கலாம் என்று 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதைக் காட்டி அனுமதி பெற்றோம். அந்தப் பிரதி விடுதியின் கேசட்டோடு மட்டும் இருக்கும். எவருக்கும் தரமாட்டோம் என்றும் வாக்களித்தோம்.

பிறகு கேசட்டைச் செருகி மூன்று முறை வாசித்தோம். மூன்று முறையும் 4096 எண்களும் அச்சுப் பிசகாமல் ஒன்றாகவே வந்தன! செத்த சில்லாக இருந்தால் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அல்லது முறைக்கு ஒரு விதமாக உளறியிருக்கும். இன்னும் ஒரு சோதனையும் செய்தோம். பெட்டிக்கு மின்சாரம் வந்ததும் செயலி முதலில் பார்ப்பது, புத்தகத்தின் இறுதியிலிருந்து நான்காவதும் மூன்றாவதுமான இரண்டு எண்களை. "ஆட்டத்தை எந்தப் பக்கத்தில் தொடங்குவது?" என்பதற்கு விடை அங்கேதான் இருக்கும். எங்கள் சில்லில் அந்த இரண்டு எண்களும் சில்லுக்குள்ளேயே ஓர் இடத்தைச் சரியாகச் சுட்டின. ஆகவே சில்லு உயிரோடுதான் இருக்கிறது என்று முடிவு செய்தோம்.

இந்த ஆட்டத்தை எழுதியவர் யார் என்று தேடியபோது எங்களுக்கு மற்றொரு மகிழ்ச்சி காத்திருந்தது. கரோல் ஷா என்னும் பெண்மணி அவர். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் கணினி அறிவியலும் படித்து, 1977-இல் பட்டம் பெற்றவர். 1978-இல் அட்டாரி நிறுவனத்தில் சேர்ந்தார். பின்னர் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக 1982-இல் இந்த ஆட்டத்தை எழுதினார். அவ்வளவு நீண்ட ஆற்றை 4096 எண்களுக்குள் வரைந்து வைக்க இடம் ஏது? அதனால் அவர் ஆற்றை வரைந்து வைக்கவே இல்லை. ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைப் பிறப்பிக்கும் ஒரு கணக்கை எழுதிவைத்தார். அந்த எண்களிலிருந்தே கரைகளும் தீவுகளும் பிறக்கின்றன. தொடங்கும் எண் என்றும் ஒன்றே. ஆகவே 1982-இல் ஓடிய அதே ஆறுதான் எங்கள் விடுதியிலும் ஓடுகிறது. கணிதத்தைக் கண்டு அஞ்சும் தோழியர் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

கேசட் நல்லது என்றால் குற்றம் பெட்டியில். ஆனால் பெட்டியில் எங்கே? இங்கே எங்கள் ஆசிரியை ஓர் அருமையான வழி காட்டினார்கள். பெட்டியைத் திறந்து, 28 கால்கள் கொண்ட 6507 செயலியை அதன் சாக்கெட்டிலிருந்து மெல்ல நெம்பி எடுத்தோம். இரு வரிசை ஊசிகள் வைத்த சிறு பலகை ஒன்றைச் செய்து, செயலி இருந்த இடத்தில் எங்கள் வாசிப்பானைச் செருகினோம். அதாவது, செயலி எந்த இருக்கையில் அமர்ந்து கேசட்டைப் படிக்குமோ, அதே இருக்கையில் எங்கள் கருவியை அமர்த்தி அதே கேசட்டைப் படிக்கச் சொன்னோம். முன்பு நேரே படித்த 4096 எண்களையும், இப்போது பெட்டியின் வழியே படித்த 4096 எண்களையும் அருகருகே அச்சிட்டு, தரையில் விரித்துப் பென்சிலால் கோடிட்டோம்.

முதல் 512 எண்கள் பொருந்தின. அடுத்த 512 பொருந்தவில்லை. அவை புதிய எண்கள் அல்ல. முதல் 512-ஏ மறுபடி வந்திருந்தது! மூன்றாவது 512 பொருந்திற்று. நான்காவது, மூன்றாவதின் மறுபதிப்பு. எட்டுப் பகுதிகளும் இப்படியே இரண்டிரண்டாக வந்தன. இரண்டைத் தன்னால் ஒன்பது முறை பெருக்கினால் 512. பூச்சியத்திலிருந்து எண்ணினால், ஒன்பதாம் எண் கொண்ட முகவரிக் கம்பி ஒன்றுதான் 512-க்கு உரியது. அந்த ஒரு கம்பியின் சொல் கேசட்டை எட்டவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை. ஆட்டம் தொடங்கவேண்டிய இடத்தைச் சொல்லும் அந்த இரண்டு எண்களும் எட்டாவது பகுதியில் அல்லவா இருக்கின்றன? அப்பகுதியே செயலியின் கண்ணில் படவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாத பெட்டி, கோடுகளைக் காட்டிக்கொண்டு திகைத்து நின்றதில் வியப்பில்லை!

இனித் தேடவேண்டியது ஒரே ஒரு கம்பியை. உயிரியல் ஆய்வகத்து உருப்பெருக்கிக் கண்ணாடியோடு, கேசட் செருகும் துளைக்கு அடியில் அந்தக் கம்பி பலகையைத் தொடும் இடத்தைப் பார்த்தோம். ஈயப் பற்றில், காலைச் சுற்றி மோதிரம் போல் ஒரு மெல்லிய விரிசல். மேலிருந்து எவ்வளவு துடைத்தாலும் தீராத பழுது அது. விரிசலின் உள்ளே கறுத்து, ஓரத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. "புதிதாக உடைந்த ஈயம் பளபளக்கும். கறுத்தும் களிம்பேறியும் இருந்தால் அது பழைய காயம். வருடக்கணக்காகச் செருகிக் கழற்றிய அசைவும் நம் ஊர்க் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து செய்த வேலை" என்றார்கள் ஆசிரியை. இதற்குச் சாட்சியும் கிடைத்தது. இதே விடுதியில் தங்கிப் படித்து, இன்று இங்கேயே பணியாற்றும் ஆசிரியை ஒருவர், "எங்கள் காலத்திலேயே கேசட்டை இடக்கையால் அழுத்திப் பிடித்தால்தான் ஆட்டம் வரும்" என்றார்கள். அழுத்தியபோது விரிசல் சேர்ந்துகொண்டது, விட்டபோது பிரிந்துகொண்டது. பல ஆண்டுகளாக வளர்ந்து வந்த விரிசல், அந்த நவம்பர் மாலையில் முழுமை அடைந்தது. அந்த நேரத்தில் யார் கை கேசட்டில் இருந்ததோ அவள்மேல் பழி விழுந்தது.

சால்டரிங் இரும்பைச் சூடேற்றி, பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தோம். வாசிப்பானைச் செருகி மறுபடியும் படித்தோம். 4096-உம் பொருந்தின. செயலியை அதன் இருக்கையில் திரும்ப அமர்த்தி மின்சாரம் கொடுத்தோம். ஆறு வந்தது.

அன்று மாலை செபம் முடிந்தபின் விடுதிச் சகோதரி எல்லாப் பிள்ளைகளையும் அமர்த்தி, விரிசலின் படத்தைக் காட்டி, "இது இவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய பழுது. இனி யாரும் இவளைக் குறை சொல்லக் கூடாது" என்றார்கள். அந்தச் சிறுமி எதுவும் பேசவில்லை. முதல் ஆட்டத்தை அவளுக்கே கொடுத்தோம். மூன்றாவது பாலத்தைத் தாண்டியபோது அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. ஆட்டம் முடிந்ததும் எங்களிடம் வந்து, "அக்கா, நான் கெடுக்கலைன்னு அந்த டப்பாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று அவள் நோட்டில் எழுதிக் காட்டத் தொடங்கினோம். இப்போது சனிக்கிழமைதோறும் இயற்பியல் ஆய்வகத்துக்கு எங்களுக்கு முன்பே வந்துவிடுகிறாள்.

செய்தி கேட்டு அண்ணாச்சியும் பள்ளிக்கு வந்தார். அச்சிட்ட தாள்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்கிட்ட இப்படி ஒரு சாமான் இருந்தா நானும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேம்மா" என்றார். எவ்வளவு உண்மை! அவரிடம் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. படித்துப் பார்க்க வழியில்லாத இடத்தில் ஊகம் வந்து அமர்ந்துகொண்டது. அந்த ஊகம் ஒரு சிறுமியின்மேல் பாரமாய் இறங்கிவிட்டது.

நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. பொருள்களுக்கும் மனிதர்களுக்கும் அதே நெறிதான். ஒரு சில்லைக் குற்றவாளி என்று சொல்லுமுன் அதன் 4096 எண்களையும் படிக்கலாம் என்றால், உடன் வாழும் ஒருத்தியைக் குற்றவாளி என்று சொல்லுமுன் அவள் சொல்வதைச் சில நிமிடங்கள் கேட்கக் கூடாதா?

எங்களுக்கு இடமும் காலமும் தந்த தலைமைச் சகோதரிக்கும், விடுதிச் சகோதரிக்கும், வழிகாட்டிய இயற்பியல் ஆசிரியைக்கும், டிபன் டப்பாவை இழந்தும் கோபிக்காத எங்களில் ஒருத்தியின் தாயாருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. வாசிப்பான் ஆய்வகத்தின் இரண்டாவது அலமாரியில் இருக்கிறது. கம்பிகளின் எண்களும் நிரலும் அதன் மூடியில் ஒட்டப்பட்டுள்ளன. பழுதான எதையேனும் காயலான் கடைக்கு அனுப்புமுன், தங்கையரே, அதை எடுத்துப் பயன்படுத்துங்கள்!

— இயற்பியல் மன்ற மாணவியர், பதினோராம் வகுப்பு